சாவிக்கொத்து யார் கையில்?

பரங்கிமலை - பூந்தமல்லி சாலையிலிருந்து ஆவடிக்குப் பிரியும் சந்திப்பு என்றே கரையான்சாவடியைச் சென்னைவாசிகள் பலரும் அறிந்திருக்கின்றனர். கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் 26.1 கி.மீ. நீள மெட்ரோ வழித்தடத்தில் அந்த ஊரின் பெயரிலும் இப்போது ஒரு நிலையம் எழுந்துள்ளது. இத்தடத்துக்கானவை ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் திறன்கொண்ட ரயில்கள். ஓட்டுநரின் கையில் இருந்த பொறுப்பு அங்கே கணினிக்கு மாறுகிறது. அந்தக் கணினிக்குள் நுழையும் உரிமை யார் யாருக்கு உண்டு என்கிற பட்டியலும், தண்டவாளத்தைப் போலவே, பயணியின் உயிரோடு தொடர்புடையதாகிவிடுகிறது.

ரயிலில் ஏறாதவருக்கும் இதே நிலைதான். கரையான்சாவடிக்காரர் ஒருவரின் பட்டா விவரம் வருவாய்த் துறையின் ‘தமிழ்நிலம்’ மென்பொருளில் இருக்கிறது. அவருடைய நோய்க் குறிப்புகள் ஏதேனும் ஒரு மருத்துவமனையின் கணினியிலும், சேமிப்பு வங்கியின் கணினியிலும், தெருவில் அவர் நடந்துசெல்லும் காட்சி கண்காணிப்பு கேமராவிலும் பதிவாகின்றன. இவற்றைக் காப்பதற்கென்று ஒவ்வொரு நிறுவனமும் பாதுகாப்பு மென்பொருள்களை வைத்திருக்கிறது. அந்தக் காவலர்களை ஏவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விதான் பெரும்பாலும் கேட்கப்படாமலேயே போகிறது.

2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல் துறையின் முக அடையாளம் காணும் இணையதளத்துக்குள் வெளியார் நுழைந்த செய்தி வெளியானது. நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோனதே காரணம் என்று காவல் துறை விளக்கமளித்தது. அந்தக் கணக்குக்குக் குறைந்த உரிமைகளே தரப்பட்டிருந்தன. புதிய பயனர்களை உருவாக்குவது, எத்தனை தேடல்கள் நடந்தன என்று பார்ப்பது போன்றவற்றை மட்டுமே அதன் மூலம் செய்ய முடியும். கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்றும் அது தெரிவித்தது.

இந்த விளக்கத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, கடவுச்சொல் களவுபோகலாம். ஆனால், களவுபோன சாவியால் எத்தனை அறைகள் திறக்கும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய முடியும். அளவோடு தரப்பட்ட உரிமை, இழப்பையும் அளவோடு நிறுத்துகிறது. இரண்டாவது, ‘புதிய பயனரை உருவாக்கும் உரிமை’ பார்வைக்குத்தான் சிறியது. புதிய சாவி செய்துகொள்ளும் அச்சு எவரிடம் உள்ளதோ, அவரிடம் பழைய சாவிகள் இல்லாமல் போவது பெரிய ஆறுதல் அல்ல. உரிமைகளை எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஒவ்வோர் உரிமையும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

ஆள் மாறுவார், பதவி மாறாது

கணினித் துறையில் இதற்கென ஒரு நெறி உண்டு. ‘பொறுப்புவழி அணுகல் கட்டுப்பாடு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். எந்த உரிமையையும் ஓர் ஆளின் பெயருக்கு நேரடியாக வழங்காமல், ஒரு பொறுப்புக்கு வழங்குவதே அதன் அடிப்படை. அந்தப் பொறுப்பில் அமரும்போது உரிமை வருகிறது. விலகும்போது தானாகப் போய்விடுகிறது. அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் ஆகிய இருவரும் 1992இல் இதை முறையான கோட்பாடாக முன்வைத்தனர். இந்தியாவில் ஐஐடி-யில் பயின்ற ரவி சாந்துவும் அவருடைய சகாக்களும் 1996இல் இதை விரிவான மாதிரிகளாக வகுத்தனர். 2004இல் அது அமெரிக்காவின் தேசியத் தரநிலையானது.

கோட்பாடு புதிதாகத் தோன்றினாலும், நம் அரசு அலுவலகங்களுக்கு இது புதிதல்ல. வட்டாட்சியர் மாறுவார், வட்டாட்சியர் பதவி மாறாது. பட்டா மாறுதல் மனுவைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துப் பரிந்துரைப்பார். ஒப்புதல் அளிப்பவர் வேறொரு நிலையில் உள்ள அலுவலர். உட்பிரிவு தேவைப்பட்டால், நில அளவர் அளந்து காட்ட வேண்டும். பரிந்துரைப்பவரே ஒப்புதலும் அளித்துவிட முடியாது. கருவூலத்தின் காப்பறையில் ‘இரட்டைப் பூட்டு’ முறை உண்டு. இரண்டு அலுவலர்கள் தத்தம் சாவியோடு வந்தால்தான் கதவு திறக்கும். மாறுதலாகிச் செல்பவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, சாவிகளும் இருப்புகளும் எண்ணிக் கையெழுத்திடப்படுகின்றன.

காகிதக் காலத்தில் நாம் கட்டிக்காத்த இந்த ஒழுங்கு, கணினிக்கு மாறியபோது பல இடங்களில் கழன்றுவிட்டது. இரும்புச் சாவி ஒன்றுதான். அதை ஒப்படைத்தால் கை காலியாகும். கடவுச்சொல்லை ஒப்படைத்த பிறகும் அது நினைவில் இருக்கும். பதவியை விட்டுப் போனவரின் கணக்கு, யாரும் நீக்காத வரை, அப்படியே உயிரோடு இருக்கும். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனம் முடங்கியதற்கு, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கணக்கே வாசலாக அமைந்தது. கடவுச்சொல்லைத் தவிர வேறு எந்தக் காப்பும் அந்தக் கணக்குக்கு இல்லை. அந்நாட்டின் கிழக்குக் கரையோர மாநிலங்கள் பலவற்றில் பெட்ரோல் நிலையங்கள் வறண்டன.

வேலிக்குள்ள வலிமை

எல்லா மென்பொருள்களுக்கும் இந்த நெறி பொருந்தும் என்றாலும், பாதுகாப்புக் கருவிகளுக்கு அது முதலில் பொருந்த வேண்டும். ஏனெனில், ஒரு நிறுவனத்தில் மற்ற எவரையும்விட அதிக வலிமை படைத்தவை அவையே. கணினிகளைக் காக்கும் மென்பொருள் ஒவ்வொரு கணினியின் அடித்தளம் வரை செல்லும். எந்தக் கணினியையும் வலைப்பின்னலிலிருந்து துண்டிக்கும். மின்னஞ்சலைக் காக்கும் கருவி, எவருடைய அஞ்சலையும் தடுத்து நிறுத்தும், திறந்தும் காட்டும். பயனர் பட்டியலைக் காக்கும் கருவி, இயக்குநரின் கணக்கையே முடக்க வல்லது.

அந்த வலிமையின் அளவை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. அது தாக்குதல் அல்ல, தவறு மட்டுமே. தவறுக்கே இந்த விளைவு என்றால், அதே கருவியின் கட்டுப்பாடு தீய எண்ணம் கொண்டவர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் காப்பார் யார்?

2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தில் நடந்தது அதற்கு அருகில் வருகிறது. ஊழியர்களிடம் தொலைபேசியில் நயமாகப் பேசி ஏமாற்றியவர்கள், நிறுவனத்தின் உள் நிர்வாகக் கருவியைக் கைப்பற்றினர். 130 கணக்குகளைக் குறிவைத்தனர். பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ் ஆகியோரின் பெயர்களில் மோசடிப் பதிவுகள் வெளியாயின. நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறையின் விசாரணை ஒரு முக்கிய உண்மையைச் சுட்டிக்காட்டியது: அந்த உள் கருவியைப் பயன்படுத்தும் உரிமை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இருந்தது. ஆயிரம் பேரிடம் சாவி இருந்தால், தாக்குபவர் வெல்ல அவர்களில் ஒருவர் அயர்ந்தால் போதும்.

ஆறு கருவி, ஆறு பட்டியல்

நடைமுறையில் சிக்கல் எங்கே தொடங்குகிறது? நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். கணினிப் பாதுகாப்பு மென்பொருளை ஓர் ஆண்டில் வாங்கியிருப்பார்கள்; அஞ்சல் வடிகட்டியை இன்னோர் ஆண்டில்; பிறகு வலைப்பின்னல் அரண், பயனர் அடைவு, இணையவழிச் சேமிப்பகத்தின் காவல், நிகழ்வுப் பதிவுகளைத் திரட்டும் கருவி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயனர் பட்டியல்; ஒவ்வொன்றிலும் ‘நிர்வாகி’ என்ற சொல்லுக்கு வெவ்வேறு பொருள். ஒரு கருவியில் நிர்வாகி என்றால் அறிக்கைகளைப் பார்ப்பவர். இன்னொன்றில் எல்லாவற்றையும் அழிக்க வல்லவர்.

அங்கிருந்து ஒரு பொறியாளர் விலகுகிறார். ஆறு பட்டியல்களில் நான்கிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. மீதி இரண்டை நினைவில் வைத்திருந்தவரும் அவரே. இன்னொருவர் ஒரு நள்ளிரவு நெருக்கடிக்காகத் தற்காலிகமாக முழு அதிகாரம் பெறுகிறார். நெருக்கடி விடிவதற்குள் தீர்ந்துவிடும். அதிகாரம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். தணிக்கையாளர் வந்து, “நோயாளிகளின் அஞ்சல்களைத் திறந்து படிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டால், உடனே விடை சொல்ல எவராலும் முடியாது.

மருத்துவமனை முடங்கினால் என்னவாகும் என்பதை 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் கண்டது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நோயாளிகளின் பதிவும் பரிசோதனை விவரங்களும் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன. வலைப்பின்னலைப் பகுப்பதும் அதிகாரத்தைப் பகுப்பதும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதே இரண்டின் நோக்கமும்.

ஒரே பட்டியலை நோக்கி

இந்தச் சிதறலுக்கு மாற்றாகத்தான் பாதுகாப்பு நிறுவனங்கள் இப்போது ஒருங்கிணைந்த முறைக்கு நகர்கின்றன. கணினி, அஞ்சல், பயனர் அடைவு, மேகக் கணிமை ஆகிய எல்லாக் காவல் கருவிகளுக்கும் பொதுவாக, ஒரே இடத்தில் பொறுப்புகளை வரையறுப்பது அதன் சாரம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் டிஃபெண்டர் பாதுகாப்புத் தொகுப்புக்கு இத்தகைய முறையைக் கொண்டுவந்தது; 2025 பிப்ரவரியிலிருந்து, அதன் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேரும் நிறுவனங்களுக்கு இதுவே வழக்கமான முறை. பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய பட்டியல்களை ஒருங்கிணைந்த முறைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு கருவியாக மாற்றிக்கொள்ளலாம்.

இந்த முறையில் ஒவ்வோர் உரிமையும் மூன்று கேள்விகளுக்கு விடையாக அமைகிறது: யார், என்ன செய்யலாம், எந்த எல்லைக்குள்? இரவுப் பணியில் இருப்பவர் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம். அமைப்புகளை மாற்றக் கூடாது. நெருக்கடிப் பொறியாளர் ஒரு கணினியைத் துண்டிக்கலாம்; ஆனால் தன் வளாகத்துக் கணினிகளை மட்டும். தணிக்கையாளர் எல்லாவற்றையும் பார்க்கலாம். எதையும் தொடக் கூடாது. அஞ்சலைப் பொறுத்தவரை, உறையைப் பார்க்கும் உரிமையும் கடிதத்தைப் படிக்கும் உரிமையும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அனுப்பியவர், பெறுநர், நேரம் ஆகியவற்றைப் பார்த்தே பெரும்பாலான விசாரணைகளை முடித்துவிடலாம். உள்ளடக்கத்தைத் திறக்கும் அதிகாரம் மிகச் சிலருக்கே போதும்.

இந்த மாற்றத்தை ஒரு மென்பொருள் வேலையாகக் கருதித் தொழில்நுட்பப் பிரிவிடம் மட்டும் ஒப்படைத்துவிடுவதுதான் நிறுவனங்கள் செய்யும் முதல் தவறு. எந்தப் பணிக்கு எவ்வளவு அதிகாரம் தேவை என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. அதனால், கருவியைத் தொடும் முன் கணக்கெடுப்பு நடக்க வேண்டும். எல்லாப் பட்டியல்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மூன்று விவரங்களை எழுதினால் போதும்: இவர் இன்னும் பணியில் இருக்கிறாரா, இந்த உரிமையைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினார், யார் அதைக் கொடுத்தது? பட்டியலின் கணிசமான பகுதி அந்தக் கட்டத்திலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது தவறு, பழைய உரிமைகளை அப்படியே புதிய முறைக்குள் நகலெடுப்பது. வசதி கருதி மென்பொருளே அதற்கு வழிசெய்து தருகிறது. பழைய வீட்டின் வேண்டாத பொருள்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குக் குடிபோவதற்கு ஒப்பானது இது. நகலெடுப்பதைத் தொடக்கமாகக் கொள்ளலாம்; முடிவாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது தவறு கண்ணுக்கு எளிதில் படாதது. டிஃபெண்டருக்குள் எவ்வளவு நுட்பமாகப் பொறுப்புகளை வகுத்தாலும், நிறுவனத்தின் பயனர் அடைவில் ‘முழுமை நிர்வாகி’ என்ற தகுதி பெற்றவருக்கு எல்லாக் கதவுகளும் தொடர்ந்து திறந்தே இருக்கும். உள்ளே பத்து அறைகளுக்குத் தனித்தனிப் பூட்டுப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் திறக்கும் தலைமைச் சாவியை இருபது பேருக்குக் கொடுத்திருந்தால் பூட்டுகளால் பயனில்லை. எனவே, அந்தத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கையைக் குறைக்காமல் செய்யப்படும் மாற்றம் பெயரளவிலானது.

மாற்றும் நாளிலும் கவனம் தேவை. எல்லாக் கருவிகளையும் ஒரே இரவில் மாற்றினால், தாக்குதல் நேரும் வேளையில் காவல் அறையில் இருப்பவருக்கே கதவு திறக்காமல் போகலாம். ஒரு கருவியை மாற்றி, சில நாள்கள் கவனித்து, குறைகளைத் தீர்த்த பிறகு அடுத்ததற்குச் செல்வதே நிதானமான வழி. எல்லாம் கைவிட்டால் பயன்படுத்துவதற்கென்று இரண்டு அவசரக் கணக்குகளை முத்திரையிட்ட உறையில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்த உறை பிரிக்கப்பட்டால், தலைமைப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு உடனே தெரிய வேண்டும்.

ஒரே இலக்கு ஆகாதா?

எல்லா அதிகாரங்களையும் ஒரே இடத்தில் குவித்தால், தாக்குபவருக்கும் இலக்கு ஒன்றாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. ஆறு பூட்டுகளை உடைக்க வேண்டிய திருடன், இனி ஒன்றை உடைத்தால் போதும் என்றாகிவிடலாம். இந்த ஆபத்தை மறைத்துவிட்டு ஒருங்கிணைப்பைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

ஆனால், ஆறு பூட்டுகள் இருந்த காலத்திலும் ஐந்தைக் கவனிக்க ஆளில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பரவிக் கிடக்கும் அதிகாரம் பாதுகாப்பைத் தருவதில்லை. அது மறதியைத்தான் வளர்க்கிறது. ஒரே பட்டியலை ஒருவர் முழுமையாகப் படிக்க முடியும். மாதந்தோறும் சரிபார்க்க முடியும். விலகியவரின் பெயரை ஒரே செயலில் நீக்க முடியும். அதற்கு ஈடாக ஒரு நிபந்தனையை ஏற்க வேண்டும்: பொறுப்புகளை வழங்கும் அதிகாரம் பெற்றவர், அந்தப் பொறுப்புகளைத் தாமே பயன்படுத்துபவராக இருக்கக் கூடாது. தமக்குத் தாமே உரிமை வழங்கிக்கொள்ளும் வழி அடைக்கப்பட்டு, ஒவ்வொரு வழங்கலும் அழிக்க முடியாத பதிவேட்டில் ஏற வேண்டும். கருவூலத்தின் இரட்டைப் பூட்டு சொல்லும் பாடம் இதுவே.

பொறுப்புகளைத் தாளில் மட்டும் பிரித்தால் என்ன நேரும் என்பதற்குப் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கு சான்று. 2018 பிப்ரவரியில் அந்த வங்கி சுமார் ரூ.11,400 கோடி மோசடியை வெளியிட்டது. பின்னர் அத்தொகை ரூ.13,000 கோடியைக் கடந்தது. வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு, வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படாமல் இருந்தது. அதனால், கிளையிலிருந்து சென்ற உறுதிமொழிக் கடிதங்கள் வங்கியின் கணக்கேடுகளில் ஏறவே இல்லை. உள்ளிடுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டைப் பெயரளவில் வைத்துக்கொண்டு கடவுச்சொற்களைக் கைமாற்றிக்கொண்டால், இரண்டு பூட்டும் ஒருவர் கைக்கே வந்துவிடும். ஸ்விஃப்ட் அபாயம் குறித்து 2016 ஆகஸ்ட் முதல் குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி தெரிவித்தது. விதிகளைப் பின்பற்றாத 36 வங்கிகளுக்கு 2019 மார்ச்சில் மொத்தம் ரூ.71 கோடி அபராதமும் விதித்தது. எச்சரிக்கை இருந்தது, விதியும் இருந்தது. கடைப்பிடிப்பதில்தான் குறை இருந்தது.

சட்டமும் குடிமக்களும்

சட்டமும் இப்போது இந்தத் திசையில் நகர்கிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், நிகழ்வுப் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனிநபர் தரவுகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அணுகல் கட்டுப்பாடு உள்ளிட்ட காப்புகளை ஏற்படுத்த வேண்டும் என அவை கூறுகின்றன. நிறுவனங்கள் தயாராவதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. உரிய காப்பு செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்துக்கு அஞ்சி வேலையைக் கடைசி மாதத்தில் தொடங்கினால், பழைய குப்பை புதிய முறைக்குள் கொட்டப்படுவதே மிஞ்சும். அவகாசத்தின் முதல் பகுதியைக் கணக்கெடுப்புக்குச் செலவிடுவதே அறிவுடைமை. அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இதைத் தங்களுக்கும் உரிய கடமையாகக் கொள்ள வேண்டும். மாறுதலாகும் அலுவலர் சாவிகளையும் கோப்புகளையும் ஒப்படைத்துக் கையெழுத்திடும் அதே படிவத்தில், அவருடைய கணினி உரிமைகள் எந்தத் தேதியில் நீக்கப்பட்டன என்ற வரியும் இடம்பெற வேண்டும். ஒப்பந்த நிறுவனப் பொறியாளருக்கு வழங்கப்படும் உரிமைக்கு, வழங்கும் நாளிலேயே முடிவு நாளும் குறிக்கப்பட வேண்டும். உயரதிகாரியின் கடவுச்சொல்லை உதவியாளர் வைத்திருப்பதை வசதி என்று கருதும் வழக்கம் ஒழிய வேண்டும். அதிகாரம் பகிரப்பட வேண்டும் என்றால், உதவியாளருக்கென்று அளவான ஒரு பொறுப்பை உருவாக்குவதே முறை.

தம் தரவுகளை ஒப்படைக்கும் குடிமக்கள், “என் தகவல் பாதுகாப்பாக இருக்கிறதா?” என்று கேட்டால், “இருக்கிறது” என்ற ஒற்றைச் சொல்லே விடையாகக் கிடைக்கும். “என் தகவலை யார் யார் பார்க்க முடியும்? அந்தப் பட்டியலை நீங்கள் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?” என்று கேட்டால், நிறுவனம் பட்டியலை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மருத்துவமனையிலும் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இந்தக் கேள்வி இயல்பாக ஒலிக்கத் தொடங்க வேண்டும். விடை சொல்ல முடியாத நிறுவனம், தன் சாவிக்கொத்து யார் கையில் இருக்கிறது என்பதையே அறியாத நிறுவனம்.